கண்ணாடி அறை வாசலில் நாலு ஜோடிச் செருப்பு

புதிதாகப் படகு வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்கும் சூசை எழுதுகிறேன்.

போன மாதம் கொச்சியிலிருந்து ரயிலேறி என்னைப் பார்க்கத் திண்டுக்கல் வந்தீர்கள். தண்ணீர் லாரிக்காக எங்கள் தெருவே குடத்தோடு நின்றதைப் பார்த்துவிட்டு, இந்த ஊரில் பிறந்தவர் எப்படிப் பாய்ப்படகு ஓட்டப் போனீர்கள் என்று உங்களில் அந்தப் பெண்பிள்ளை கேட்டாள். டீசல் மெக்கானிக்காக வேலை தேடிக் கொச்சிக்குப் போனேன், எஞ்சின் பார்க்க ஏறின படகிலிருந்து இறங்கவே இல்லை, அவ்வளவுதான் கதை. அடுத்ததாக, பைலட் ஹவுஸ் வைத்த படகு நல்லதா, வைக்காத படகு நல்லதா என்று ஒரு கேள்வி வந்தது. அதற்கு டீயும் முறுக்கும் கொடுத்து உங்கள் வாயை அடைத்துவிட்டேன். சோம்பேறித்தனம்தான், வேறென்ன.

இப்போது சோம்பிக்கொண்டிருக்க முடியாது. உங்களுக்கு முதல் வேலையாக யூசுப் பாயின் படகைக் கொடுத்திருப்பதாகக் கொச்சி ஆபீசிலிருந்து நேற்றுப் போனில் சொன்னார்கள். கொச்சியிலிருந்து குமரிமுனையைச் சுற்றித் தூத்துக்குடி. பாயும் அவர் வீட்டம்மாவும் கூட வருகிறார்கள். அந்தப் படகை அதே பாதையில் முதன்முதலாகக் கொண்டுபோனவன் நான். ஆகையால் ஒழுங்காகப் படியுங்கள்.

இதை என் வீட்டுக்காரியும் படிப்பாள், அவளுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சாதாரணப் பாய்ப்படகில் சுக்கான் பிடிக்கிறவன் பின்பக்கம் ஒரு தொட்டி மாதிரிப் பள்ளத்தில் வெட்டவெளியில் நிற்பான். அந்தப் பள்ளத்துக்குக் காக்பிட் என்று பெயர். அலை ஏறினால் தண்ணீர் வடிவதற்கு அதன் தரையில் இரண்டு துளைகள் இருக்கும். பைலட் ஹவுஸ் படகில் காக்பிட்டுக்கு முன்னால் சுற்றிலும் கண்ணாடி போட்ட ஒரு அறை. அதற்குள் இன்னொரு சுக்கான். மழையோ வெயிலோ, பஸ் டிரைவர் மாதிரி உள்ளே உட்கார்ந்தே ஓட்டலாம்.

எனக்கு அந்த அறை என்றாலே ஆகாது. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் ஒரு கோவாக்கார அம்மா. அவருக்கும் ஆகாது. காற்று திரும்புவதைக் கருவி சொல்வதற்கு முன்னால் கன்னம் சொல்லும், கன்னத்தைக் கொண்டுபோய்க் கண்ணாடிக்குள் பூட்டிவைக்கிறவன் மாலுமியே இல்லை என்பார். நான் ஒருதரம் மழைக்குப் பயந்து தலையில் குல்லா மாட்டியதற்கே அரைநாள் என்னோடு பேசாமல் இருந்தார்.

இப்படிப்பட்ட என்னைத் தேடி ஒரு சாயங்காலம் யூசுப் பாய் வந்தார். ஒரே ஊர்க்காரர், தோல் வியாபாரம், பேகம்பூரில் வீடு. பைலட் ஹவுஸ் வைத்த பழைய படகு ஒன்று கொச்சியில் விலைக்கு வந்ததாம், வாங்கிவிட்டாராம். எனக்கு வந்ததே கோபம். வாங்குவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? அந்த அறையின் குற்றங்குறைகளையெல்லாம் அடுக்கினேன். கூரை மறைப்பதால் மேலே பாய்மரத்தில் பாய் என்ன செய்கிறது என்று தெரியாது. நம்மூர் வெயிலில் உள்ளே இட்லிச் சட்டிதான். உப்பு படிந்தால் கண்ணாடி இருந்தும் குருடு. அறை உயரமாக இருப்பதால் கரையோரம் காற்று அதைப் பிடித்துத் தள்ளும். எல்லாவற்றையும்விட, உள்ளே சொகுசாக உட்கார்ந்தவன் வெளியே நடப்பதை மறந்துபோவான்.

பாய் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"நீ சொன்னது அம்புட்டும் சரி சூசை. மைமூனுக்கு வெயில் ஆகாது. இப்பச் சொல்லு."

பாயின் வீட்டம்மா மைமூன் அக்காவுக்கு வெயில் பட்டால் முகமெல்லாம் தடித்து, மூட்டுகள் வீங்கி, வாரக்கணக்கில் படுக்கையில் கிடக்க வேண்டிவரும் ஒரு நோய் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். வீட்டில் எல்லா ஜன்னலுக்கும் கனத்த திரை. இருட்டிய பிறகுதான் தெருவில் கால் வைப்பார். அக்கா பிறந்தது காயல்பட்டினம். அந்த ஊரில் பெண்ணை வெளியூருக்கு அனுப்புவது வழக்கமில்லை, மாப்பிள்ளைதான் பெண்வீட்டோடு வந்து இருப்பார். பாய்க்குத் தோல் ஷாப்பை விட்டுவிட்டு வர வழியில்லை. ரெண்டு வீட்டிலும் மல்லுக்கட்டி, பெண் திண்டுக்கல்லுக்கு வந்தது. அக்காவுடைய வாப்பா தோணியில் கொழும்புக்குப் போய்வந்த மனிதர். அவர் வீட்டுப் பெண்கள் யாரும் தோணியில் கால் வைத்ததில்லை. ஆசை என்று அக்கா வாழ்நாளில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம். அதைப் பாய் எனக்கு அப்படியே சொன்னார்.

"கரையில நின்னு கடலப் பாத்துருக்கேன், கடல்ல இருந்து எங்க கரையப் பாக்கணும்கிறா. எங்க மாமனார் ஊருக்குத் திரும்பி வாரப்ப பாத்த மாதிரியாம். திறந்த படகுல கூட்டிட்டுப் போனா அவ உசுரோட திரும்ப மாட்டா. நீ ஒருக்கா ஓட்டிக் காட்டு. வச்சுக்கவா வித்துரவான்னு ஒரு வார்த்தை சொல்லு, நான் கேட்டுக்கிர்றேன்."

இதற்கு எந்தக் கன்னத்தை வைத்துப் பதில் சொல்வது? சரி என்றேன்.

கண்ணாடி முழுக்க வெயில் தடுக்கும் கறுப்புத்தாள் ஒட்டி, தரையில் கம்பளம் விரித்து, திரை தைத்து, பாய் அந்த அறையை வீடாகவே ஆக்கிவிட்டார். அக்கா ஒரு மூலையில் தொழுகைப் பாயை விரித்தார். எங்களோடு வந்தவன் வேம்பாற்றுக்காரன் அந்தோணி, பாய்மர வேலையில் சூரன். படகேறிய அன்றைக்கு எங்கள் எல்லாருக்கும் ஆளுக்கொரு ஜோடி புதுச் செருப்பு பரிசு. பாயின் சொந்தச் சரக்கு, வெண்ணெய் மாதிரி மெத்தென்ற ஆட்டுத்தோல்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். திறந்த படகில் நான் ஒருநாளும் காலில் போட்டிருப்பதைக் கழற்றியவனில்லை, தளத்தில் வெறுங்கால் ஆபத்து என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. ஆனால் கதவு, கம்பளம், ஓரத்தில் தொழுகைப் பாய் என்று இருக்கிற இடத்துக்குள் செருப்புக் காலோடு நம்மில் எவன் நுழைவான்? யாரும் சொல்லாமலே நாலு பேரும் வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனோம். காக்பிட் தரையில் நாலு ஜோடிச் செருப்பு, கல்யாண வீட்டு வாசல் மாதிரி. பார்க்க லட்சணமாகக்கூட இருந்தது.

கொச்சியை விட்டபின் எல்லாம் சுகம். நான் சொன்ன குறைகளில் பாதி காணாமல் போனது. வெயிலில் வேகாததால் யாருக்கும் சலிப்பில்லை. அந்தோணி பாட்டுப் பாடினான். அக்கா பின்பக்கம் பார்த்த இருக்கையில் உட்கார்ந்து, படகு விட்டுவந்த நுரைப்பாதையை அலுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். முன்னால் பார்த்து உட்கார்ந்தால் தலை சுற்றுகிறதாம். பாய்க்கு ஒரே கவலை தண்ணீர். வழியில் தீர்ந்துவிட்டால் என்று கேன் கேனாக ஏற்றியிருந்தார், அதில் எங்களுக்கு அளந்து அளந்துதான் ஊற்றினார். டம்ளரை நல்ல தண்ணீரில் அலசியதற்கு அந்தோணிக்கு ஒரு பிரசங்கமே நடந்தது. அந்தோணி என்னைப் பார்த்தான். திண்டுக்கல்காரன்டா, குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் என்று நம்பி வளர்ந்தவர்கள் இல்லை நாங்கள் என்று அவனுக்குச் சமாதானம் சொன்னேன்.

குமரிமுனையைத் திரும்பி மணப்பாட்டைத் தாண்டும்போது பின்மத்தியானம் கழிந்துவிட்டது. காலையில் காயல்பட்டினத்தைப் பார்த்துவிடலாம் என்று கணக்கு. நான் உள்ளே சுக்கானில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். கரைப்பக்கமாக மேகம் இறங்கி வந்துகொண்டிருந்திருக்கிறது. கறுப்புத்தாள் வழியாகப் பார்க்கிறவனுக்கு வானம் காலையிலிருந்தே மேகமூட்டமாகத்தான் தெரிந்தது, அதில் இது தனியாகத் தெரியவில்லை. வெளியே நின்றிருந்தால் அரைமணி நேரம் முன்னாலேயே குளிர்ந்த காற்று கன்னத்தில் பட்டிருக்கும். கோவாக்கார அம்மா அந்த நேரம் என்னைப் பார்த்திருந்தால் டீ டம்ளரைப் பிடுங்கிக் கடலில் எறிந்திருப்பார்.

காற்று ஒரே அடியாக அடித்தது. படகு சாய்ந்தது. முன்பாயை இறக்கச் சொன்னதும் அந்தோணி பாய்ந்து வெளியே போனான். வாசலில் செருப்புக் குவியல் ஒரு மூலைக்குச் சரிந்திருந்தது. தேடிப் போட்டுக்கொள்ள ஏது நேரம்? வெறுங்காலோடு ஓடினான். முன்பாயை இறக்கியும் விட்டான். திரும்பும்போது ஈரத்தில் வழுக்கி, இரும்பில் கால் மோதி, பெருவிரல் நகம் பிளந்து கணுக்காலும் பிசகிவிட்டது. தவழ்ந்து வந்தவனை உள்ளே இழுத்துப் போட்டுக் கதவைச் சாத்தினேன். அந்தக் கதவு மேல்பாதி, கீழ்ப்பாதி என்று இரண்டாகத் திறக்கும், நினைவில் வையுங்கள்.

மழை கொட்டியது. பின்பக்கமிருந்து ஒரு அலை காக்பிட்டில் ஏறி உட்கார்ந்தது. எனக்கு முன்னால் மட்டுமே கண். பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தது அக்கா ஒருவர்தான்.

"தம்பி, வாசல்ல தண்ணி நிக்குது."

மழை பெய்தால் வாசலில் தண்ணீர் நிற்காதா? திண்டுக்கல்லில் யார் வீட்டில் யார் சொன்னாலும் இதற்கு என்ன பதில் வருமோ அந்தப் பதில்தான் என் வாயிலும் வந்தது. "மழைன்னா நிக்கத்தானக்கா செய்யும்" என்றேன், திரும்பிப் பார்க்காமல். செத்த நேரம் போனது. படகின் பின்பக்கம் கனத்து, சுக்கான் மந்தமாகிக்கொண்டு வந்தது. காற்றினால் என்று நினைத்தேன்.

"வடிய மாட்டேங்குது தம்பி. செருப்பெல்லாம் மெதக்குது."

அப்போதுதான் திரும்பினேன். காக்பிட் விளிம்பு வரைக்கும் தண்ணீர், கதவின் கீழ்ப்பாதியை முக்கால்வாசி தொட்டுக்கொண்டு. அதில் பாயின் ஆட்டுத்தோல் செருப்புகள் மிதந்து சுற்றிக்கொண்டிருந்தன. மிதக்காதவை எங்கே போயிருக்கும் என்று எனக்குப் புரிந்துவிட்டது. வடிகிற துளைகளில் போய் ஒட்டிக்கொண்டிருக்கும். இன்னொரு அலை அப்படியே ஏறினால் பின்பக்கம் அமிழ்ந்து, தண்ணீர் கதவைத் தாண்டி உள்ளே வரும். அப்புறம் சொல்ல ஒன்றுமில்லை.

பாய் பதறி எழுந்து கதவைத் திறக்கப் போனார். "தொடாதீங்க பாய்!" என்று கத்தினேன். படகு முதலாளியைப் பார்த்து நான் கத்தியது அன்றைக்குத்தான். கீழ்ப்பாதியைத் திறந்தால் அந்தத் தொட்டித் தண்ணீர் முழுக்க அறைக்குள் கொட்டிவிடும். மேல்பாதியை மட்டும் திறந்து ஏறிக் குதிக்க வேண்டும். குதிக்க வேண்டியவன் நான், துளை எங்கே என்று எனக்குத்தான் தெரியும். அப்படியானால் சுக்கானை யார் பிடிப்பது? அந்தோணி தரையில் காலைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறான். பாய் பதற்றத்தில் மறுபடி கதவுப் பக்கமே போகிறார்.

"அக்கா, வாங்க. இதப் பிடிங்க."

"எனக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதே தம்பி."

"இந்த முள்ளு இந்த நம்பர்ல நிக்கணும். அது போற பக்கம் போக விடாதீங்க. வேற ஒண்ணுமில்ல."

திசைகாட்டியைத் தொட்டுக் காட்டினேன். அக்கா வந்து பிடித்தார். நான் மேல்கதவு வழியாக இடுப்பளவு தண்ணீரில் குதித்தேன். காலால் துழாவினேன். ஒரு துளையின்மேல் செருப்பு ஒன்று சட்டிக்குப் போட்ட மூடி மாதிரி அப்பிக்கொண்டிருந்தது. அவ்வளவு மெத்தென்ற தோல், உறிஞ்சி ஒட்டியதை மூழ்கி நகத்தால் பிய்க்க வேண்டியிருந்தது. பாய் கதவுக்கு மேலே வயிறு அமுங்கத் தொங்கிக்கொண்டு, ஒரு கையால் என் சட்டைக் காலரைப் பிடித்தபடி, மறுகையால் சோறு கொண்டுவந்த தூக்குச்சட்டியில் தண்ணீரை மொண்டு மொண்டு கடலில் ஊற்றினார். பதறின மனிதர்தான், ஆனால் என் காலரை விடவில்லை. இரண்டாவது துளையையும் திறந்ததும் தண்ணீர் சுழித்து இறங்கியது. பின்பக்கம் மெல்ல மேலே எழுந்தது. நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். மைமூன் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, முள்ளை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றார். முள் நான் சொன்ன இடத்தில் நின்றது.

இப்போது கூட்டிக் கழித்துப் பாருங்கள். திறந்த படகாக இருந்திருந்தால் யாரும் செருப்பைக் கழற்றியிருக்க மாட்டோம், அந்தோணிக்குக் காலில் அடிபட்டிருக்காது, துளை அடைத்திருக்காது, மேகத்தையும் முன்னாலேயே பார்த்திருப்பேன். ஆனால் திறந்த படகாக இருந்திருந்தால் மழைக்கு ஒதுங்கின இடத்தில் இன்னொரு சுக்கான் இருந்திருக்காது, அதைப் பிடிக்க அக்காவும் வந்திருக்க மாட்டார். அந்த அறை வீடு மாதிரி இருப்பதுதான் அதன் நல்லது. கெட்டதும் அதுவேதான். உள்ளே இருக்கிறவன் இது வீடில்லை என்று அடிக்கடி தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டும்.

மழை விட்டதும் பாய் உட்கார்ந்து அழுதார். படகை விற்றுவிடுகிறேன், இப்பவே தூத்துக்குடிக்கு விடு, காரில் ஊருக்குப் போய்விடலாம், காயல்பட்டினமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்றார். அக்கா அந்தோணியின் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் ஒரு முடிவு. அடிபட்டவன் இருக்கும்போது துறைமுகத்துக்கு ஓடத்தான் மனசு சொல்லும். ஆனால் ஓடிப்போய்ச் சேரும்போது இருட்டு, கயிறு எறிய எனக்கு ஆளில்லை, பெரிய கப்பல்கள் போய்வருகிற துறைமுக வாய். அந்தோணியிடம் விரலை அசைக்கச் சொன்னேன், அசைத்தான். ரத்தம் நின்றிருந்தது. "விடியட்டும்ணே. என் காலு எங்கயும் ஓடிராது" என்றான். கரையை விட்டு விலகி, விடிகிறவரை மெதுவாகப் போவது என்று முடிவு செய்தேன். துறைமுகம் பத்திரமான இடம்தான், இருட்டில் அதற்குள் நுழைவது பத்திரமில்லை. இதை எங்கேயாவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

விடிந்தபோது இடதுபக்கம் காயல்பட்டினம் இருந்தது. வெளியே நின்ற எனக்குத் தெரிந்தது. கடலிலிருந்து எழுந்த வெயில் கரையில் போய் விழுந்து, பள்ளிவாசல் மினாராக்களும் தென்னையும் பளிச்சென்று இருந்தன. சந்தோஷமாக உள்ளே ஓடி, "அக்கா, ஊரு வந்துருச்சு" என்றேன்.

அக்கா கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. மழைக்கப்புறம் ராத்திரியெல்லாம் அடித்த அலை காய்ந்து, கண்ணாடி முழுக்க உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. துடைக்கிற கருவி முன்கண்ணாடிக்கு மட்டும்தான் உண்டு. கதவைத் திறந்து வெளியே வந்தால் நேராக வெயில். அக்கா விரலால் உள்பக்கம் தேய்த்துப் பார்த்தார், உப்பு இருந்தது வெளிப்பக்கம். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு, "பரவால்ல தம்பி. பக்கத்துல வந்துட்டோம்ல" என்றார். இவ்வளவு தூரம் வந்து, நடுவில் உப்பு!

பாய் எழுந்து போனார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டார். காக்பிட் பெட்டியைத் திறந்து குடிதண்ணீர் கேனைத் தூக்கினார். கடல்தண்ணீரை ஊற்றினால் மறுபடி உப்புத்தானே படியும்! எங்களுக்கு டம்ளர் கணக்கில் அளந்து ஊற்றிய மனிதர், கேனைத் தலைக்குமேல் தூக்கி, அந்த நல்ல தண்ணீரைக் கண்ணாடியில் கவிழ்த்தார். ஒரு கேன் தீர்ந்தது. இன்னொன்றைத் தூக்கினார். தோளில் கிடந்த துண்டால் தேய்த்தார். வெள்ளை கரைந்து வழிய வழிய, முதலில் அவர் முகம் தெரிந்தது. அக்கா எழுந்து நின்றுவிட்டார். வாய் அசைந்தது. வெளியே இருந்த பாய்க்குக் கண்ணாடி வழியாக ஒன்றும் கேட்கவில்லை. என்ன சொல்கிறாள், என்ன சொல்கிறாள் என்று என்னைக் கையால் கேட்டார்.

நான் தலையை வெளியே நீட்டிச் சொன்னேன்.

"செத்த தள்ளி நிக்கச் சொல்றாக பாய். ஊர மறைக்கிறீங்களாம்."

பாய் சிரித்துக்கொண்டே தள்ளி நின்றார். அந்த இடத்தில் காயல்பட்டினம் முழுசாகத் தெரிந்தது. "எங்க வாப்பா இப்படித்தான் பாத்துருப்பாக" என்று அக்கா சொன்னது எனக்கும் அந்தோணிக்கும் மட்டும்தான் கேட்டது. நாங்கள் இருவரும் அழுதோம், சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

விற்கிற பேச்சைப் பாய் அதற்கப்புறம் எடுக்கவில்லை. என்னிடம் கேட்ட அந்த ஒரு வார்த்தையையும் திரும்பக் கேட்கவில்லை. ஊருக்கு வந்ததும் தோலில் பெரிய பை ஒன்று தைத்து, அந்த அறைக் கதவுக்கு உள்பக்கம் மாட்டச் சொல்லிக் கொடுத்தனுப்பினார். இன்னும் அங்கேதான் தொங்குகிறது. செருப்பைக் கழற்றினால் அதில் போடுங்கள், வாசலில் ஒன்றுகூடக் கிடக்கக் கூடாது. கரைக்காற்று அடிக்கிற நேரத்தில் யாராவது ஒருத்தர் வெளியே நில்லுங்கள். அக்கா எது சொன்னாலும் திரும்பிப் பாருங்கள். இப்போது அவருக்கு முட்டி மடங்குவதில்லை, ஏற்றும்போதும் இறக்கும்போதும் அவசரப்படுத்தாதீர்கள்.

இன்னும் ஒன்று. கொச்சியில் தண்ணீர் ஏற்றும்போது, கணக்குப் போட்டதற்கு மேலே இரண்டு கேன் நல்ல தண்ணீர் எடுத்து வையுங்கள். தாகத்தில் செத்தாலும் காயல்பட்டினம் தாண்டுகிறவரை அதைத் தொடக் கூடாது.